என் கைக்கு வராத பந்து

கரப்பந்தாட்டத்தில் செற்றர் என்று ஒருவன் இருப்பான். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தை ஒருவன் எடுத்து அவனிடம் தருவான். அவன் அதை வலைக்குப் பக்கத்தில் உயர்த்திக் கொடுப்பான். மூன்றாமவன் பாய்ந்து அடிப்பான். கைதட்டல் முழுக்க அடித்தவனுக்குத்தான் போகும். அதில் எனக்கு ஒரு நாளும் மனக்குறை இருந்ததில்லை. என் குறை வேறு. எங்கள் கல்லூரி அணிக்கு நான்தான் செற்றர், நான்தான் தலைவனும். ஆனால் பந்தை எனக்கு ஒருவனும் தரமாட்டான்.

அது எனக்குக் கடைசி வருடம். முதல் வருடம் முழுக்க மைதான ஓரத்து வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினேன். அடுத்த வருடம் வெள்ளம் வந்து மைதானமும் பக்கத்து வாவியும் ஒன்றாகிப் போனதில் போட்டிகள் நடக்கவேயில்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரு சீசன்தான். அதற்கும் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் ஒரு நிபந்தனை போட்டார். சீசன் தொடங்குமுன் நகரத்திலுள்ள இன்னொரு கல்லூரியோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். வென்றால் அணியை அனுப்புவார். தோற்றால் எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. எனக்கு இல்லை. ஒரே ஒரு சீசனாவது செற்றராக நின்று விளையாடிவிட வேண்டும் என்பது தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

இவர்கள் ஏன் பந்து தரமாட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு. மணலில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டாத கழகம் கிடையாது. அங்கே பெரும்பாலும் ஓவர் கேம்தான். வந்த பந்தை யாருக்கும் கொடுக்காமல், வந்த கையோடு வலைக்கு மேலால் அடுத்த பக்கம் அனுப்பிவிடுவது. அந்த ஆட்டத்தில் செற்றர் என்பவனுக்கு வேலையே இல்லை. என் அணியிலிருந்த அத்தனை பேரும் சின்ன வயதிலிருந்து அதையே விளையாடி வந்தவர்கள். நான் ஒருவன்தான் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பந்தை மூன்று கை மாற்றி விளையாடப் பழகியவன். நான் வலையடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மழைக்கு மன்றாடுகிறவன் மாதிரி நிற்பேன். பந்து என் தலைக்கு மேலால் போகும்.

முதலில் ஆட்களைப் பயிற்சிக்கு வரவைப்பதே பெரும் பாடு. வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்குப் பின்னேரம் பயிற்சி" என்று போடுவேன். ஒருவர் பின் ஒருவராக "வாறன்" என்று போடுவார்கள். பெருவிரல் படம் போடுவார்கள், கரப்பந்துப் படம் போடுவார்கள். ஒருவன் ஓடுகிற குதிரைப் படம்கூடப் போட்டான். மைதானத்துக்குப் போனால் நானும் ஓட்டமாவடி ஊர்க்காரன் ஒருவனும் மட்டும் நிற்போம். அவன் தன் வாப்பாவின் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவான். அந்த ஒரு நல்ல குணத்துக்காக அவனை எவ்வளவோ மன்னித்திருக்கிறேன்.

அணியில் உண்மையாக அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு ஊர் சித்தாண்டி, மற்றவனுக்கு மாங்கேணி. சித்தாண்டிக்காரனுக்குப் போன் எடுத்தால், "வட்டைக்குள்ள நிக்கிறன் மச்சான், வெட்டுற மெசின் இண்டைக்குத்தான் கிடைச்சிருக்கு" என்பான். வட்டை என்றால் வயல். அறுவடை முடிந்ததும் கோயில் திருவிழா வந்தது. மாங்கேணிக்காரனுக்கு எடுத்தால் கடல் இரையும் சத்தம்தான் முதலில் கேட்கும். "கரைவலை இழுக்கிறம் மச்சான், மீன்பாடு நல்லாக் கிடக்கு, நாளைக்கு வாறன்" என்பான். சரி, நெல்லும் மீனும் எனக்காகக் காத்திருக்காது. அது எனக்கும் விளங்கும். ஊர்க் கழகத்துக்கு ஆட்டம் என்றால் மட்டும் அதே நெல்லும் மீனும் எப்படிக் காத்திருக்கின்றன என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வந்துவிட்டால் அது இன்னொரு தலையிடி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு வாழைச்சேனையில் நடந்த சுற்றுப்போட்டியில் இவர்களுடைய கழகங்கள் இரண்டும் மோதியபோது ஒரு பந்து கோட்டடியில் விழுந்திருக்கிறது. உள்ளே என்றான் ஒருவன், வெளியே என்றான் மற்றவன். ஆட்டம் அத்தோடு குழம்பிப் போனது. அந்தப் பந்து விழுந்த இடத்தை மணல் எப்போதோ மூடியிருக்கும், இவர்கள் மூடுவதாக இல்லை.

"உன்ட ஆள்ட்டச் சொல்லு மச்சான், என்ட இடத்துக்குள்ள வரவேணாமெண்டு" என்று சித்தாண்டிக்காரன் என்னிடம் சொல்வான். என்ட ஆள் என்று அவன் சொன்னது மாங்கேணிக்காரனை. கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நிற்பான்.

"இடம் அவன்ட சீதனமோ எண்டு கேளு" என்பான் மாங்கேணிக்காரன், அவனும் என்னைப் பார்த்தே.

நான் நடுவில் நின்று கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "காது கேக்கும்தானே ரெண்டு பேருக்கும்? நீங்களே பேசித் துலையுங்கடா" என்று கத்தினேன். இரண்டு பேரும் என்மேல் கோபித்துக்கொண்டார்கள்.

அது கச்சான் காற்றுக் காலம். பின்னேரம் என்றால் அனல் காற்று மைதானத்தைக் கூட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் உயர்ந்த பந்து எல்லாம் வாவிக்குள்தான். பந்து விழுந்தால் மாங்கேணிக்காரன் சந்தோஷமாகப் பாய்ந்துவிடுவான். பந்தைப் பிடித்த பிறகும் திரும்பி வரமாட்டான், நீந்திக்கொண்டே இருப்பான். கரையில் நின்று "முதலை கிடக்குடா!" என்று கத்தினால், "அது நமக்குப் பழக்கம் மச்சான்" என்பான். அதற்குள் மற்றவர்கள் கண்டல் மர நிழலில் சரிந்து கையில் போனை எடுத்திருப்பார்கள். ஊறின பந்தை அதற்குப் பிறகு தொட்டால் மணிக்கட்டு வலிக்கும்.

கடைசியில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். வந்த பந்தை எனக்குத் தராமல் நேரே அடுத்த பக்கம் அனுப்புகிறவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பெரிய யோசனை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். மற்ற எல்லாரும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள், அதுவும் சிரித்துச் சிரித்து. விரிவுரையாளர் அந்த நேரம் பார்த்து வந்து, "பரவாயில்ல, நல்லா உடம்புப் பயிற்சி குடுக்கிறாய்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"மச்சான், உனக்குத்தான் தர நினைக்கிறன், அல்லாட மேல ஆணை" என்றான் ஓட்டமாவடிக்காரன் மூச்சிரைத்துக்கொண்டே. "நான் நினைச்சு முடியக்குள்ள கை அனுப்பிப் போடுது." அவன் பொய் சொல்லவில்லை. மெதுவாக எறிந்தால் எல்லாரும் அழகாக என் கைக்குத் தருவார்கள். வேகம் கூடினால் கை ஊருக்குப் போய்விடும்.

ஆட்ட நாள் வந்தது. பஸ்ஸில் நகரத்துக்குப் போனோம். நகரத்துக் கல்லூரி அணி ஒரே நிறத்தில் உடுத்து, வரிசையாக நின்று, எண்ணி எண்ணிக் கைகால் நீட்டிப் பயிற்சி செய்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவரவர் கழக ஜேர்சியில் வந்திருந்தார்கள்.

முதல் செற்றில் எனக்குக் கட்டுப்படுகிறோம் என்று முயன்றார்கள். அதைவிட ஊர் ஆட்டமே ஆடியிருக்கலாம். பந்து வரும்போது எனக்குத் தருவதா, அடுத்த பக்கம் அனுப்புவதா என்று ஆளுக்கு ஆள் யோசித்தார்கள். யோசிக்கிற நேரத்தில் பந்து நிலத்தில் கிடக்கும். சித்தாண்டிக்காரனுக்கும் மாங்கேணிக்காரனுக்கும் நடுவில் வந்த பந்துகளை இரண்டு பேருமே தொடவில்லை, ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செற் போய்விட்டது. என் கடைசி வருடம் கண் முன்னால் மணலில் விழுந்து உருண்டது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இனி உங்கட விருப்பத்துக்கு அடிங்கடா! நான் ஒருத்தன் நிக்கிறனெண்டு நினைக்கவேணாம்! உங்கட மீன்வாடியில, உங்கட வட்டைக்குள்ள எப்பிடி அடிப்பீங்களோ அப்பிடியே அடிங்க!" என்று கத்தினேன். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். கோபத்தில் சொன்னது. அவர்கள் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? எதிரணி பந்தை அனுப்பிவிட்டு, நாங்கள் மூன்று கை மாற்றுவோம், அதற்குள் வலையடியில் கூடித் தடுப்புக்கு ஆயத்தமாகலாம் என்று முன்னால் வரும். வந்து நிற்பதற்குள் பந்து அவர்களின் முதுகுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். மறுபடியும் வருவார்கள். மறுபடியும் விழும். அவர்களுக்கு இப்படி ஓர் ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலையில்லாமல் வலையடியில் நின்றவனுக்கு எதிர்ப்பக்கத்து வெளிகள் நன்றாகத் தெரிந்தன. வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னால கிடக்குடா வெளி! கண் இல்லையா? இடது மூலையப் பாரு! நித்திரையா நீ?" என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொருவனையும் ஏசிக்கொண்டே இருந்தேன். பந்து நான் ஏசின இடத்திலெல்லாம் விழுந்தது. இரண்டாம் செற் எங்களுக்கு, மூன்றாம் செற்றும் எங்களுக்கு.

எல்லாரும் துள்ளினார்கள். ஓட்டமாவடிக்காரன் என்னைத் தூக்கிச் சுற்றினான். சீசனுக்குப் போகிறோம் என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது. விரிவுரையாளர் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதுதான் உங்கட ஆட்டம்! இப்பிடியே போவம்" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "அப்ப மகன், இந்த ஆட்டத்துக்கு செற்றர் தேவைப்படாதுதானே? அந்த இடத்துக்கு உயரமான பொடியன் ஒருத்தனைப் போடுவம். நீ வெளியில இருந்து பாத்துக்கொள்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. சொன்னதில் பிழையும் இல்லை. மாதக் கணக்காக இவர்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, கத்தி, தொண்டை கட்டி, கடைசியில் சீசனை வாங்கிக் கொடுத்துவிட்டு நான் மறுபடியும் வாங்கில் குந்த வேண்டும். அழுகை வந்தது. குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

"அவன் வெளியில எண்டா நானும் வெளியில, சேர்" என்று ஒரு குரல் கேட்டது. மாங்கேணிக்காரன்.

விரிவுரையாளர் திகைத்துப்போனார். "என்னடா கதை இது? நீங்கதானே அவனுக்குப் பந்தே குடுக்கிறல்ல?"

"குடுக்கிறல்லதான் சேர். ஆனா அவன் உள்ளுக்க நிண்டு ஏசக்குள்ளதான் எங்களுக்கு ஆட்டம் வருது."

சித்தாண்டிக்காரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓம் சேர்" என்றான். "அவன் சொல்றது சரி."

மாங்கேணிக்காரன் சொன்னதைச் சரி என்று அவன் ஒத்துக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். விரிவுரையாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு "என்னவாவது செய்யுங்க" என்று கையை விரித்துவிட்டுப் போனார். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏசுவதற்குத்தான் ஆள் வேண்டுமென்றால் ஆளுக்கொரு அம்மா, உம்மா வீட்டில் இல்லையா? நான் செற்றர். எனக்குப் பந்து வேண்டும். அன்று பஸ்ஸில் ஒருவனோடும் நான் பேசவில்லை. அவர்கள் அதைக் கவனிக்கவுமில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த பயிற்சிக்கு எல்லாரும் வந்தார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கச்சான் காற்று கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது. ஓட்டமாவடிக்காரன் அந்தப் பக்கம் நின்று பந்தை வேகமாகப் போட்டான். பந்து சித்தாண்டிக்காரனிடம் போனது. அவன் கை வழமைபோல மேலே கிளம்பியதைப் பார்த்தேன். பாதியில் அது நின்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டு உடம்பைத் திருப்பி, பெரிய பாரத்தை இழுக்கிறவன் போல, பந்தை என் பக்கம் தள்ளினான். மகா மோசமான பந்து. வாவிக்கரையை நோக்கிப் போனது. பின்னால் ஓடி, கண்டல் வேரில் கால் தடக்கி, விழ விழ அதைத் தூக்கிக் கொடுத்தேன். மாங்கேணிக்காரன் பாய்ந்து அடித்தான், வலையில் அடித்தான்.

"என்னடா பந்து இது? மனிசனுக்குத் தாற பந்தா இது?" என்று மண்ணில் கிடந்தபடியே கத்தினேன்.

"உனக்குத்தான்டா தந்தன்" என்றான் சித்தாண்டிக்காரன்.

எழுந்து மண்ணைத் தட்டினேன். இன்னும் நன்றாக ஏச வாயைத் திறந்தேன். பிறகு ஏசாமலே வலையடிக்குப் போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.