பெட்டி பிரிக்கும் முன்பே வந்த ஜோடி

கட்டடங்களில் கணினி நெட்வொர்க் பொருத்துவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். எந்தக் கேபிளையும் கட்டி முடிச்சுப் போடாமல் விடமாட்டாள். விட்டால் டீ கப்பையும் மேசைக் காலில் கட்டிவிடுவாள் என்று கேலி செய்வார்கள். அவள் கணவருக்கும் இதே தொழில்தான், கம்பெனிதான் வேறு. சாலை விபத்தில் அவர் போனபின் வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். அழுது ஓய்ந்த கையோடு அவளை வேலைக்குத் துரத்தியதே மாமியார்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வேலை. இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் பெட்டிகள் இரண்டைப் பொருத்த வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை ஏற்க வேண்டும். அதற்காக இரண்டும் ஒன்றுக்கொன்று ‘இருக்கேன், இருக்கேன்’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றால் ஜோடி செத்துப்போனதாக அர்த்தம். பெட்டிகள் வேறு வேறு அறையில் இருக்கப்போவதால், பேச்சுக்கான கேபிளை, கட்டடத்தின் நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பொது சுவிட்ச் வழியாகவே விட்டாள்.

முதல் பெட்டியை ரேக்கில் ஏற்றி, லேப்டாப்பை மாட்டி, எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளை எழுதினாள். பிறகு ஜோடிக்கான பாஸ்வேர்டு; அது பொருந்தினால்தான் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று ஏற்கும். கல்யாணமான புதிதில் அவரும் அவளும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று. சோதனை முடியும்வரை பழக்கத்தில் அதையேதான் போடுவாள்.

திரையில் ஒரு வரி வந்தது: ‘ஜோடி கிடைத்தது.’

இரண்டாவது பெட்டி அவள் காலடியில், ஒட்டிய டேப்பைக்கூடக் கிழிக்காமல் கிடந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ‘ஜோடி தலைமை ஏற்றது.’ நெடுநாள் அணையாமல் ஓடும் பெட்டிக்குத்தான் தலைமை போகும்; மற்றது அதன் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுதிய விதிகள் ஒவ்வொன்றாக மறைந்து, வேறு யாரோ எழுதியவை வந்து உட்கார்ந்தன. யாரையும் உள்ளே விடாத கடைசி விதியின் பெயர், ஆங்கில எழுத்தில், ‘சாத்து’.

அந்தப் பெயரை வைக்கிறவர் ஒரே ஒருவர்தான். "கடைசியா வர்றவங்கதானே கதவைச் சாத்தணும்?" என்று சொல்லிச் சிரிப்பார்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" கட்டடப் பராமரிப்பாளர் வாசலில் நின்றார்.

"சார், சுவிட்ச்ல இருந்து இந்தப் பழைய கேபிள் எங்க போகுது?"

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. சுவருதான்."

இருவரும் நடைவழிக்குப் போனார்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இங்க பெஞ்ச் போட்டா நர்ஸுங்க யாரும் உக்கார மாட்டாங்க. உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்குதாம்."

அவள் சுவரில் காதை வைத்தாள். மூச்சுதான். இழுத்து விடாத, ஒரே சீரான மூச்சு. விரலால் தட்டினாள். செங்கல் இல்லை, பெயின்ட் அடித்த பலகை.

பராமரிப்பாளர் திருகுகளைக் கழற்றிப் பலகையைச் சாய்த்தார். ஆள் ஒருவர் நிற்கும் அளவு இடுக்கு. தூசிக்குள் ஒரு பழைய ஃபயர்வால் பெட்டி, உள்ளே மின்விசிறி சுற்ற, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, இதுவா! கீழ்த்தளத்தை மாத்திக் கட்டினப்போ பழைய பெட்டி ரெண்டையும் எடுத்துட்டோம்னாங்களே!"

ஒன்றைத்தான் எடுத்திருக்கிறார்கள். மிஞ்சியது, மறைத்த சுவருக்குள், எடுத்துப்போன ஜோடியை இத்தனை காலமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் பதில் வந்தது. கணவர் தான் வேலை பார்த்த இடங்களைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. இங்கே வந்திருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் பிடுங்கட்டுமா மேடம்?"

"வேண்டாம் சார். நானே."

பிளக்கை இழுத்தாள். மூச்சு மெல்ல இறங்கி, அடங்கியது. அன்றைக்கு அதுவரை அவள் அழவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து விதிகளைத் திரும்ப எழுதினாள், பாஸ்வேர்டை மாற்றினாள், புதுப்பெட்டியைப் பிரித்து மாட்டினாள். ஒன்றை அணைத்தால் மற்றது ஏற்றது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். "அத்தை, அவர் மாட்டின பெட்டி ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன்."

மாமியாரின் கை தட்டிலேயே நின்றது. பிறகு கேட்டார்.

"தொட்டுப் பாத்தியாம்மா? சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை. கை வைக்க முடியல."

மாமியார் தலையாட்டிவிட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.