வீராசாமி மூடினால் மூடினதுதான்

பீடியை ஆழ இழுத்து, புகையை விழுங்காமல் வாயிலேயே நிறுத்திக்கொண்டு, குதிரின் மூடியைச் சுற்றி மெல்ல ஊதிக்கொண்டே வருகிறார் வீராசாமி. ஒரு கண் மூடியிருக்கிறது. புகை வெளியே சிதறினால் சரி. எங்காவது உள்ளே நுழைந்தால் அங்கே சந்து இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டைவிரலால் களிமண்ணை எடுத்து ஓர் அழுத்து. "எறும்பு பூரட்டும் பாக்கலாம்! பூந்துச்சுன்னா என் பேர மாத்திக் கூப்புடு!"

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் காலனி. மற்ற மாதங்களில் வீராசாமி நடவுக்கும் வரப்பு வெட்டவும் போகிற கூலிக்காரர். அறுவடை முடிந்து, ஆள் உயர நெல் குதிர்கள் நிரம்பிவிட்டால், அவருக்கு மவுசு ஏறிவிடும். ஏரிக்களிமண், சாணி, உமி மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து அவர் பூசிய பூச்சு, அடுத்த ஆடி வரை விரிசல் விடாது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மூடுவதற்கு முன்னால் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'கடக்' என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் கையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரிய நிலக்காரர் தாண்டவராயன் வீட்டிலேயே அப்படிக் கிளம்பி வந்திருக்கிறார். "ஈர நெல்ல வெச்சு மூடுனா உள்ளாரயே முக்கிப் பூடும். அப்பறம் நாத்தம் அடிக்குதுன்னு என்னத்தான் ஏசுவாங்க."

நான் காலனிப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவருடைய இருமல்தான் எனக்கு அலாரம். நான் அவரைப் பெரிப்பா என்பேன். அவர் என்னை "வாத்தியாரே" என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

உலகத்தில் அவருக்கு ஒரே பகையாளி காற்று. காரணம் இல்லாமல் இல்லை. குடிசையில் இருந்த காலத்தில் ஒரு கார்த்திகைப் புயல் கூரையைப் பிய்த்து ஏரிப்பக்கம் எறிந்துவிட்டது. கைக்குழந்தை அம்முலுவை மடியில் போட்டு, அவள் மேல் மனைவி சிட்டம்மாள் கவிழ்ந்து, இருவர் மேலும் இவர் கவிழ்ந்து, மழை விடும்வரை அப்படியே கிடந்தார்களாம். "காத்துன்னா எனுக்கு ஆவாது வாத்தியாரே" என்று அதோடு முடித்துக்கொள்வார். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால் சர்க்கார் காங்கிரீட் வீடு கட்டிக் கொடுத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குடி போன மறுநாளே ஏரிக்களிமண்ணோடு வந்து இறங்கினார். கூரைக்குக் கீழே காற்றுக்கென்று விட்டிருந்த ஓட்டைகளில் வைக்கோலைத் திணித்துப் பூசினார். ஜன்னல் கதவைச் சாத்தி, அதன் விளிம்பெல்லாம் பூசினார். வாசற்கதவின் அடியில் சாக்கு. கடைசியில் பீடியைப் பற்றவைத்துச் சுவர் சுவராகப் புகை ஊதிப் பார்த்தார். "குதிரு மாதிரி கீது வூடு!" என்று மார்தட்டிக்கொண்டார்.

முதல் மழைக்காலத்திலேயே சுவர் வேர்த்தது. உப்புச் சட்டியில் தண்ணீர் நின்றது. சிட்டம்மாளின் கல்யாணப் புடவையில் கறுப்புப் புள்ளிகள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் பூசணம் பூத்து மேலே ஏறியது. இவர் அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார். அது மறுபடியும் வரும். "புது சிமெண்டு, இன்னும் பச்சையா கீது" என்பார். அப்புறம் சுண்ணாம்பு சரியில்லை என்பார். சிட்டம்மாள் புளியை வெயிலில் காயவைத்தது தப்பு என்றுகூட ஒருநாள் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் போன ஐப்பசியில் அம்முலு தலைப்பிரசவத்துக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பேத்தி பிறந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பனி ஆகாது என்று இவர் கதவையும் பகலெல்லாம் சாத்தி வைத்தார். சேலை ஏணையில் கிடந்த குழந்தையின் மூச்சு, நடுச்சுவரைத் தாண்டி எனக்கே கரகரவென்று கேட்டது. வரப்போகும் பேரப்பிள்ளையின் தொட்டிலுக்காக, வீடு கட்டும்போதே மேஸ்திரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிக் கொக்கி வைத்துக்கொண்ட மனிதர் இவர்.

கார்த்திகையில் ஒருநாள் அம்முலுவின் குரல் வாசல்வரை வந்தது.

"ஞாயித்துக்கெயம அவுரு வராரு நைனா. நான் கெளம்பறேன்."

"இன்னாடி பேச்சு இது? அஞ்சாம் மாசம்தானே அனுப்பறதா பேச்சு?"

"கொயந்தைக்கு நெஞ்சு கரகரங்குது. இந்த வூட்ல எப்டி இருக்கறது?"

"வூட்டுக்கு இன்னாடி கொற? ஒரு பொட்டு காத்து வருதா, சொல்லு!"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. உள்ளே போனேன். முக்கல் வாடை முகத்தில் அடித்தது. "ஜன்னலைத் திறக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களே பெரிப்பா" என்றேன்.

"டாக்டருக்கு இன்னா, மச்சு வூட்ல ஃபேனப் போட்டுக்கினு சொல்லுவாரு. கூர பறந்து போயி கெடந்தாரா அவுரு?"

அம்முலு கொடியிலிருந்து ஒரு குழந்தைத் துணியை உருவி அவர் கையில் வைத்தாள். சொதசொதவென்று இருந்தது.

"உள்ளாரயே சோறு வடிக்கிறோம். உள்ளாரயே வெந்நி வெக்கிறோம். இவ துணி அல்லாம் உள்ளாரயே காயுது. ஈர நெல்ல வெச்சு குதிர மூடுவியா நைனா நீ?"

வீராசாமி அந்தத் துணியை ஒருதரம் பிழிந்து பார்த்தார். துணியை ஒருதரம் பிழிந்து பார்த்தார். பிறகு ஏணையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வெளியே போய், கடப்பாறையோடு திரும்பினார்.

ஓட்டைகள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பூச்சு அல்லவா! இடித்து இடித்துத் தோள் கழன்றது. வியர்வை ஊற்ற, "எந்த மடையன்டா பூசுனது இத்த!" என்று கத்தினார். சிட்டம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னல் திறந்ததும் ஏரிப்பக்கத்துக் காற்று உள்ளே வந்து ஏணையை ஆட்டியது. மனிதர் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கிருஷ்ணசாமி வந்தார். குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். கரகரப்பு இன்னும் இருந்தது. ஆனால் குறைந்திருந்தது. சுவரைத் தடவினார். கொடியில் காய்ந்த துணியை முகர்ந்தார். வீராசாமி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி மாமா, பேசினபடியே இருந்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை தனியாகவே பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் பெரிப்பா ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார். பழக்க தோஷம், புகையை வாயில் நிறுத்தி மேலே பார்த்து ஊதினார். புகை சுவரோடு ஏறி, ஜன்னலருகே வளைந்து, நேராக உள்ளே போயிற்று. உள்ளே பேத்தி தும்மினாள்.

பீடியைத் தரையில் நசுக்கிவிட்டுத் துள்ளி எழுந்தார். தோள் துண்டை உருவினார். மறுபடியும் அடைக்கப் போகிறாரோ என்று நான் பதறிவிட்டேன். அவர் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஜன்னல் கம்பிக்கு நேரே நின்று, ஏரிக்காற்றை அள்ளி அள்ளி உள்ளே விசிறிக்கொண்டிருந்தார்.