உலை அரிசியை வைத்து ஓர் ஊரை எண்ணிய மூன்று நாட்கள்

பொதுச் சுகாதாரம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார்கள். பிழைப்புக்காக வெளியே போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் நோய்க் கணக்கில் எப்படிச் சேர்ப்பது, செட்டிநாட்டுப் பக்கம் ஆய்வுக்குப் போனால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேள்வி. பதிலாகச் சொல்ல என்னிடம் 1968 பங்குனியில் போன ஒரு பயணம்தான் இருக்கிறது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில், காசநோய்க் கணக்கெடுப்பில் புள்ளிவிவர உதவியாளர் வேலை.

போக நேர்ந்ததே என் தவறால்தான். ஒரு மாதம் முன்பு ஜீப்பில் போய், நாச்சியாபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வீடு வீடாகக் கணக்கு எடுத்திருந்தேன். (ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை.) நோயாளிகளின் எண்ணிக்கையை மொத்த ஜனத்தொகையால் வகுத்தபோது நோய் மிகக் குறைவாக வந்தது. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். அங்கே மருந்து வண்டி வேண்டாம், வேறு பக்கம் விடலாம் என்று சொல்லிவிட்டார். வண்டி வராவிட்டால் நோயாளிகள் ஊசிக்காகக் காரைக்குடிக்கு அலைய வேண்டும். பலர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். அந்த ஊரில் கேட்ட இருமல் என் காதை விட்டுப் போகவில்லை. கணக்கில் எங்கோ பிசகியிருக்கிறேன் என்று தோன்றியது. மூன்று நாள் விடுப்புப் போட்டு, சொந்தச் செலவில் கிளம்பினேன்.

மதுரையில் காலை ஆறரை மணிக்குப் பஸ். காரைக்குடிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இரண்டு ரூபாய் முப்பது காசு. ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லியும் காபியும் ஐம்பத்தைந்து காசு. சாம்பார் தண்ணீராக இருந்தது, ஆனால் பசிக்கு அது தெரியவில்லை. பையை அங்கே இருந்த ஒரு தோழி வீட்டில் வைத்துவிட்டு நாச்சியாபுரம் பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தைந்து காசு, நாற்பது நிமிடம்.

பஸ் முழுக்கப் பெண்கள். கண்டக்டரிடம் விளையாட்டாக, "இது என்ன, பெண்கள் பஸ்ஸா?" என்றேன்.

"இந்த ரூட்டே அப்படித்தாம்மா. அங்குட்டு இருக்க ஊர்கள்ல ஆம்பளை யாரு இருக்கா? பூராம் பினாங்கு, கொழும்பு, மெட்ராசுன்னு போயிட்டாக" என்றார் அவர்.

மடியில் இருந்த போன மாதக் கணக்குத் தாளைப் பார்த்தேன். அதில் வீட்டுக்கு வீடு ஆண்கள் இருந்தார்கள். ஜீப்பில் போனவளுக்கு இந்த பஸ் எப்படித் தெரியும்?

நாச்சியாபுரத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் வீடு ஒரு விவசாயக் குடும்பம். தாளில் ஆறு பேர். வீட்டுக்கார அம்மாளிடம், "உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்று போன முறை கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"இருக்காக."

"கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"பினாங்குல இருக்காக நர்சம்மா. எப்படிக் கூப்பிட?"

நான் நர்ஸ் இல்லை என்பதை அந்த ஊர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியானால் போன மாதம் ஏன் இருக்கிறார் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டதும் அந்த அம்மாள் முகம் சுளித்தார்.

"விளக்கு வைக்கிற வீட்டுல புருசனையும் பிள்ளையையும் இல்லைன்னு சொல்லச் சொல்றீகளா? எந்த வாயால சொல்ல?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. என் அம்மாவும் அப்படிச் சொல்ல மாட்டாள். கையில் அச்சடித்த படிவம் வந்ததும் அதெல்லாம் மறந்துவிட்டது. கடல் தாண்டி இருந்தவர்களையெல்லாம் ஊர் ஜனத்தொகையில் சேர்த்து வகுத்திருக்கிறேன். நோய் குறையாமல் என்ன செய்யும்?

ஆள் இருக்கிறாரா என்று கேட்பதை அத்தோடு விட்டேன். "இன்று காலையில் உலையில் எத்தனை பேருக்கு அரிசி போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். இதில் எந்த அபசகுனமும் இல்லை. பெண்கள் சிரித்தார்கள், நர்சம்மாவுக்கும் சேர்த்துப் போடவா என்று கேலி செய்தார்கள், ஆனால் பதில் டக்கென்று வந்தது. முதல் வீட்டில் ஆறு பேர் நான்கு ஆனார்கள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. எந்த வீட்டிலும் ஆள் கூடவில்லை, குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாம் நாள், மரவேலை செய்யும் ஆசாரிக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மாள் செல்லம்மாள், நான் வாய் திறக்கும் முன்பே, "எங்க வீட்டுக்காரரு ரங்கூன்ல. இங்க நானும் மகளும் மகனும் மூணே பேருதான்" என்றார். ஊரே சொல்லத் தயங்கியதை இவர் மட்டும் கேட்காமலே சொன்னது உறுத்தியது. உலை அரிசியைக் கேட்டேன்.

"நாலு பேருக்கு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக் கொட்டகையில் இருமல் கேட்டது. செல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதிறாதீக தாயி. ஒக்கூர்ல மகளுக்குப் பேசி முடிச்சிருக்கு. வைகாசியில கல்யாணம். அப்பனுக்குச் சயரோகம்னு தெரிஞ்சா எந்த வீட்டுல பொண்ணு எடுப்பாக? ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க."

அந்த இருமல் இரண்டு மாதம் பொறுக்காது என்று எனக்குத் தெரியும். ஒரே கூரைக்குள் இரண்டு பிள்ளைகள் வேறு. "எழுதாமல் போக மாட்டேன் அம்மா" என்றேன். அவர் அழுதார். அதற்குள் கொட்டகை வாசலுக்கு ஆசாரியே வந்து நின்றார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்த மனிதர்.

"எழுதுங்கம்மா" என்றார். "ரங்கூன்ல பேரை அடிச்சு அனுப்பிட்டாக. இங்க வந்து நாலு மாசமாச்சு, ஒருத்தரும் எழுதலை. நான் எந்த ஊர்லதான் இருக்கேன்?"

எழுதினேன். மதுரைக்குத் திரும்பி மேலதிகாரி மேசையில் புதுத் தாளை வைத்தேன். உலை அரிசியை வைத்தா ஆய்வு என்று சிரித்தார். "நீங்களே பஸ்ஸில் போய் எண்ணிப் பாருங்கள், தாள் தப்பென்றால் வேலையை விடுகிறேன்" என்றேன். எங்கிருந்து வந்த துணிச்சலோ தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமைதோறும் வண்டி போகலாம் என்று உத்தரவு வந்தது.

முதல் வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். கெட்டிக்காரத்தனம் செய்வதாக நினைத்து, டிரைவரிடம் வழி சொல்லி, வண்டியை நேராக ஆசாரி வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். தெருவே கூடிவிட்டது. பத்தே நாளில் ஒக்கூரிலிருந்து வேண்டாம் என்று ஆள் வந்துவிட்டது. கணக்கைச் சரி செய்தவள்தான் அந்தக் கல்யாணத்தையும் கெடுத்தேன்.

ஆகவே பிள்ளைகளே, ஜீப்பில் போகாதீர்கள், ஊர் ஜனங்கள் ஏறுகிற பஸ்ஸில் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் போனால்தான் காலைச் சமையல் நினைவில் இருக்கும். போனவர்களைக் கழிப்பதோடு நிறுத்தாமல், சத்தமில்லாமல் திரும்பி வந்தவர்களையும் தேடுங்கள், நோய் பெரும்பாலும் அவர்களோடுதான் வந்திருக்கும். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் வாசலில் போய் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். அதன்பின் எங்கள் வண்டியை எந்த வீட்டு முன்னாலும் நிறுத்தவில்லை. பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடிதான்.

ஆசாரி ஒன்றரை வருடம் ஒரு வியாழன் தவறாமல் வந்தார். செல்லம்மாள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1970 ஆவணியில் காரைக்குடி பஸ் நிலையத்தில் அவரே என்னைத் தேடி வந்து நின்றார். மகளுக்கு முந்தின முகூர்த்தத்தில் இளையாத்தங்குடிப் பக்கம் கல்யாணம் முடிந்துவிட்டதாம்.

"உங்களுக்குப் பத்திரிகை வைக்கலை. கோவம் இன்னும் தீரலை" என்றார். பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: "அவுகதான் தாரை வாத்துக் குடுத்தாக. கை நடுங்கவே இல்லை."