ஐம்பத்துநான்கு விநாடி நிமிடம்

வின்னி தகாடாவின் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவின் ப்ரூம் கடலில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள். வின்னிக்குத் தண்ணீர் ஆகாது. நாலு மீட்டர் இறங்கினாலே காது பிய்த்துக்கொண்டு போகும். அதனால் பெர்த்துக்குப் போய்ப் படித்து, பதினேழு வருஷம் அங்கேயே கெர்னல் எழுதினாள். கணினியை முடுக்கியதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழிக்கிற நிரல் அது. கணவனோடு ஒத்துவராமல் போனதும் ஊர் திரும்பினாள். துறைமுகச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, முத்துப் பண்ணைகளின் கருவிகளைப் பார்த்துக்கொண்டாள்.

பண்ணை ஒன்றின் அழுத்த அறைக்கும் அவள்தான் கணினி அமைத்துக் கொடுத்தாள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவனின் உடம்பில் காற்றுக் குமிழிகள் கிளம்பிவிடும். அவனை அந்த இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, கடலின் அழுத்தத்தை மறுபடி கொடுத்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எத்தனை நிமிஷம் எந்த ஆழத்தில் என்பதுதான் அங்கே மருந்து.

அந்த நவம்பர் மதியம் அறைக்குள் கிடந்தவன் மைக்கா. இருபத்தொன்பது வயது, வின்னியின் அத்தை பேரன். இடது கால் மரத்துப்போய்த் தூக்கிவந்திருந்தார்கள். பதினெட்டு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் வைத்த கால் மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, கணினியும் தானாக எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. குளிர்சாதனம் மட்டும் எழவில்லை. அறை இருந்த கொட்டகைக்குள் நாற்பத்திரண்டு டிகிரி.

செய்தி கேட்டு வின்னி வந்து சேர்வதற்குள் அறை மேலே ஏறத் தொடங்கியிருந்தது, அதாவது உள்ளே அழுத்தம் குறைய ஆரம்பித்திருந்தது. பழக்க தோஷத்தில் கணினியின் தொடக்கப் பதிவைப் புரட்டினாள். ஒரு வரியில் கண் நின்றது. பிராசசர் வேகம் 1350.

எப்போதும் அது 1500.

கண்விழிக்கிற கெர்னலுக்குத் தன் பிராசசர் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதென்று தெரியாது. வேகம் தெரிந்த ஒரு டைமர் சில்லை ஐம்பது மில்லிவிநாடி ஓடவிட்டு, அதற்குள் எத்தனை துடிப்பு என்று எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அன்று டைமர் ஓடத் தொடங்கியும் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. துடிப்பு குறைவாக விழுந்ததால் பிராசசரை மந்தமானது என்று கெர்னல் நம்பிவிட்டது. அந்த நம்பிக்கையில் ஓடும் கடிகாரம், துடிப்பு முழுதாக விழுமுன்பே ஒரு விநாடி முடிந்ததென்று கணக்கிட்டு முந்தித்தான் ஓடும்.

"ரஸ், மேல ஏத்தறத நிறுத்து."

ரஸ் அறையை இயக்குபவன். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சு. "என்ன விளையாடுறியா? ஆட்டோமேட்டிக்கா போய்க்கிட்டிருக்கு. நீதானே சொன்ன, கைய வச்சா ஒடிச்சிடுவேன்னு?"

"உன் வாட்ச்சக் கழட்டு. ஸ்க்ரீன்ல ஒரு நிமிஷம் ஆகுறப்போ சொல்லு, நான் வாட்ச்ச பாக்குறேன்."

"அடிப் பைத்தியமே..." என்றபடி கழற்றிக் கொடுத்தான். திரையில் நிமிஷம் மாறியது.

"இப்போ."

"ஐம்பத்திநாலு செகண்ட்."

ரஸ் திரைப்பக்கம் குனிந்தான். "இன்னொரு தடவ பாரு."

மறுபடியும் ஐம்பத்திநாலு. அதே நேரம் ஒலிபெருக்கியில் மைக்காவின் குரல் வந்தது. "யாராச்சும் இருக்கீங்களா? கால்ல மறுபடி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

ரஸ் தானியங்கியை அணைத்து வால்வைக் கையில் பிடித்தான். பதினான்கு மீட்டரில் அறை நின்றது. பெர்த்திலிருந்த மருத்துவருக்கு வின்னியே போன் போட்டாள்.

"டாக்டர், கடிகாரம் பத்துல ஒரு பங்கு முந்தி ஓடியிருக்கு. கீழ இருக்கவேண்டிய நேரம் முழுசா இருக்கல. மேல ஏத்தினதும்கூட வேகமாத்தான்."

"எதனால?"

வெப்பம் என்று சொல்லி முடித்துக்கொண்டிருக்கலாம். அது உண்மையும்கூட; கணினியின் மின்சுற்றுப் பலகை சூடானால், அதைக் கவனிக்கும் அடிநிலை நிரல் யாரையும் கேட்காமல் பிராசசரைச் சில மில்லிவிநாடி பறித்துக்கொள்ளும். ஆனால் அதற்காகத்தான் கெர்னல் பலமுறை அளந்து ஒப்பிடும்.

"பல தடவ அளக்கணும். கரண்ட் போனா சீக்கிரம் எழும்பணும்னு கேட்டாங்க. நான் ஒரே தடவையா வெட்டிட்டேன். தப்பு என்னோடது."

"சரி, அதப் பிறகு பேசலாம். மறுபடி பதினெட்டுக்கு இறக்குங்க. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. கைக்கடிகாரம் பாத்து."

ஐந்து மணி நேரம். ரஸ் வால்வில், வின்னி வாட்ச்சில். ஒவ்வொரு நிமிஷத்தையும் அவள் வாய்விட்டுச் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். வியர்வை கண்ணில் வழிந்தாலும் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் மைக்கா கால்விரலை அசைத்தேன் என்றான். ரஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த நிமிஷத்தைத் திருப்பிச் சொன்னான்.

பொழுது சாயும் வேளையில் கதவு திறந்தது. மைக்கா ரஸ்ஸின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். இடது கால் சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. பிறகும் திரும்பவே இல்லை.

வின்னி அவன் எதிரில் போய் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா ஆன்ட்டி?"

"தெரிஞ்சிருக்காது."

"எனக்கு இப்ப கோவமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை அவள் பலகையை வெயிலில் வைத்து, இருநூறு முறை அணைத்து எழுப்பினாள். ஏழு முறை தப்பாக அளந்தது. ஐந்து முறை அளந்து, அவை ஒத்துப்போகாவிட்டால் அறையை இயக்கவே மறுக்கும்படி மாற்றி எழுதினாள். அதே பலகை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் திருத்தத்தை அனுப்பினாள். நடந்தது என்ன, யாருடைய பிழை என்று மேலே நாலு வரி எழுதி, தன் முழுப் பெயரையும் போட்டாள்.

மைக்கா மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நான்காம் வாரம் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு பை நிறைய மாங்காயை இறக்கி வைத்தான்.

"அம்மா குடுத்தாங்க," என்றான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான்.