ஒல்லாந்தக் கப்டனின் பொத்தான்

உலகத்திலேயே முத்தும் முத்துச்சிப்பியும் பதித்த பழைய சாமான்களை அதிகமாக வைத்திருப்பவர் யார் என்று கேட்டால், அரபு நாட்டு ராசா, இங்கிலாந்து அரண்மனை என்று எதையாவது சொல்லுவார்கள். தெரியாமல் சொல்லுகிறார்கள். பரந்தன் சந்தியிலிருந்து இரண்டாவது வாய்க்காலைத் தாண்டி, தகரக் கொட்டிலில் பழைய இரும்பு வாங்கும் சுப்பம்மாக்காவின் அலுமாரியைத் திறந்து காட்டினால், அந்த ராசாக்களெல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கடலே வந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவும் என்னட்ட இருந்ததோ?" என்று வெட்கப்படும்.

மொத்தம் நாற்பத்து மூன்று சாமான்கள். அதில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

சுப்பம்மாக்கா எங்கள் பக்கத்துக் காணி. தாயும் தகப்பனும் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்தவர்கள். இவர் இங்கே பிறந்தவர். கதைக்கும் தமிழ் எல்லாம் எங்களைப் போலத்தான். கோபம் வந்தால் மட்டும் கதை மாத்தளைக்குப் போய்விடும். அப்போது ஓடிவிட வேண்டும்.

இரும்புக்கு அவர் காசு கொடுப்பதில்லை. பிளாஸ்ரிக் வாளி, பேசன், தேத்தண்ணி வடி கொடுப்பார். சைக்கிள் கரியரில் வாளிகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டு பளை வரைக்கும் மிதிப்பார். முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போய், கொண்டக்டரோடு சண்டை பிடித்து, உரப்பையில் இரும்போடு திரும்பி வருவார். அந்த இரும்புக்குள்ளேதான் இந்தச் சிப்பிச் சாமான்களும் வந்து சேர்ந்தன. துருப்பிடித்த ஆணிகள் போட்டிருந்த, அன்னம் பதித்த மரப்பெட்டி. பளையில் கோழிக்கூட்டுக்கு மூடியாகக் கிடந்த எட்டு மூலை மேசைப் பலகை. துணி போய், ஆறு சிப்பிக் கம்பு மட்டும் மிஞ்சிய விசிறி. சிப்பிப் பிடி போட்ட சின்னக் கத்தி. ஒற்றை முத்துத்தோடு.

எது வந்தாலும் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "சிப்பி எண்டா குளிரும் புள்ள. பிளாஸ்ரிக் எண்டா உன்னை மாதிரி, தொட்டவுடன சூடாகும்."

பிறகு துண்டு கட்ட வேண்டும். அதுதான் என் தலைவிதி. பழைய கலியாண அழைப்புக் காட்டுகளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கத்தில் எங்கே எடுத்தது, யாரிடம் எடுத்தது, எந்த வருசம் என்று எழுதிச் சிவப்பு நூலால் கட்டுவது. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, "நீ எழுது புள்ள" என்று பேனையைக் கையில் தந்தார். அவருக்கு எழுதத் தெரியாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவில்லை.

அவர் விபரம் சொல்லும் விதம் இருக்கிறதே! "பளையில எடுத்தது" என்று ஒரு வசனத்தில் முடிக்க மாட்டார். அன்றைய வெயில், அந்த வீட்டு நாயின் பெயர், வழியில் காற்றுப் போன ரயர் என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்டுக்கேட்டு எனக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவிக்குப் பிறகு குரங்குப் புத்தி வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டிக்கொண்டு வேறு எதையோ எழுதினேன்.

விசிறிக்கு: "இங்கிலாந்து ராணிக்கு வேர்த்தபோது வீசியது. பிறகு வேர்க்கவில்லை."

மேசைப் பலகைக்கு: "யாழ்ப்பாணத்து ராசா கோழிக்கறிக்குக் காத்திருந்த மேசை. கோழி தப்பிவிட்டது."

கத்திக்கு: "இதனால் வெட்டப்பட்டவர்கள்: ஒரு மாம்பழம்."

ஒற்றைத் தோட்டுக்கு: "மற்றக் காது செவிடு."

நாலு வருசம், நாற்பத்து மூன்று துண்டு. எழுதி முடித்து, "சரியா எழுதினனியோ?" என்று கேட்பார். "அச்சொட்டா, அக்கா" என்பேன். வாங்கிக் கவனமாகக் கட்டுவார்.

துண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாமானும் நானே கொண்டு போனேன். அப்பாவிடம் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போடும் பால் நிறச் சேட்டு ஒன்று உண்டு. பொத்தான்கள் சிப்பி மாதிரி மினுங்கும். அதில் ஒன்றைக் கழற்றி, மீன்கார நிரஞ்சன் அண்ணையின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் ஒளித்து வைத்து, ஓடிப்போய்ச் சுப்பம்மாக்காவிடம் கொடுத்தேன். கன்னத்தில் வைத்தார். நல்ல குளிர். "எங்கால புள்ள?" என்றார். ஒல்லாந்தக் கப்டன் ஒருவரின் கோட்டுப் பொத்தான் என்றும், முல்லைத்தீவுக் கரையில் கப்பல் கவிழ்ந்தது என்றும், கப்டன் நீந்தியபோது கழன்றது என்றும் அளந்தேன். கப்டனுக்கு ஆறு பிள்ளைகள் என்றுகூடச் சொன்னேன். அவர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். சளி என்று நினைத்தேன். பொத்தான் நாற்பத்து மூன்றாவது சாமானாக அலுமாரிக்குள் போனது.

வீட்டில் அப்பா பொத்தானைத் தேடினார். பழி எங்கள் ஆட்டின் தலையில் விழுந்தது. "துணியைத் திண்டாலும் மனசு ஆறும், பொத்தானை எல்லோ திண்டிருக்குது!" என்று அதைக் கொண்டுபோய்ப் பின்வேலியில் கட்டினார். அம்மா மண்ணிறப் பொத்தான் ஒன்றைத் தைத்துவிட்டார். அதோடு முடிந்தது என்று இருந்தேன்.

போன மாதம் பிரதேச கலாசார விழாவுக்குப் பொருள் தேடிக்கொண்டு செயலகத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அலுமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தார். துண்டுகள் எல்லாம் எழுதிய பக்கம் உள்ளே திரும்பித் தொங்கியதால் வாசிக்கவில்லை. கடவுள் இருக்கிறார்.

"அம்மா, இதை எல்லாம் விழாவில வைப்பமே?"

"என்னத்துக்கு?" என்றார் சுப்பம்மாக்கா. பிறகு ஏதோ நினைத்து, "எத்தின சனம் வரும்?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளும் சேத்து ஆயிரம் பேர் வருவினம்."

"அப்ப வைப்பம். அதில ஆரும் 'இது எங்கட' எண்டு சொன்னா அந்த இடத்திலயே குடுத்திடுவன்."

அந்த அக்கா திடுக்கிட்டார். "குடுக்கவோ? இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேத்துப்போட்டு?"

"ஆற்றையோ சாமான் தங்கச்சி. உரிமைக்காரர் வருமட்டும் என்ர அலுமாரியில கிடக்குது. எங்க எடுத்தது, ஆர் தந்தது எண்டு ஒவ்வொண்டுக்கும் விபரம் இருக்கு. இந்தப் பிள்ளைதான் எழுதினவ. நல்ல கெட்டிக்காரி."

கெட்டிக்காரி அலுமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவர் இதை அழகுக்குச் சேர்க்கிறார் என்றுதான் நாலு வருசமும் நினைத்திருந்தேன். உரிமைக்காரர் பார்த்து அடையாளம் பிடிக்கத்தான் இந்தத் துண்டுகள் என்று யார் சொன்னது? ஒருவேளை சொல்லியிருப்பார். நான் கப்டனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். இப்போது பளையிலிருந்து யாரோ வந்து தங்கள் மேசைப் பலகைக்கு முன்னால் நின்று, கோழி தப்பிய கதையை வாசித்துவிட்டுப் போவார்கள். ஆயிரம் பேர் சுப்பம்மாக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இரண்டு கிழமை இருந்தது. எல்லாத் துண்டையும் திருப்பி எழுத வேண்டும். உண்மை விபரம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"சுப்பம்மாக்கா, இந்த விசிறி எங்க எடுத்தது?"

"நீதானே எழுதினனி?"

"மை மங்கிப் போச்சு."

"அப்பிடியோ." கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "அண்டைக்கு நல்ல வெயில்..."

வெயில், நாய், ரயர் எல்லாம் முதலிலிருந்து. இடையில் கேள்வி கேட்டால் மறுபடி வெயிலுக்குப் போவார். ஒரு பின்னேரத்துக்கு மூன்று சாமானுக்கு மேல் நகரவில்லை. எனக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. "இடத்தை மட்டும் சொல்லுங்கோவன்!" என்று கத்தினேன். "இடம் வரும், பொறு" என்றார். இடம் வந்தது. விசுவமடுவில் கிணறு இறைக்கும் கிழவருக்கு, புதுக் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் அகப்பட்டது. "எங்கட இல்லைப் பிள்ளை, இடம்பெயர்ந்து வந்து இருந்த ஆரோவின்ர" என்று தந்திருக்கிறார்.

தோடு ஒரு தையல் மெசினின் லாச்சிக்குள் இருந்தது. மெசின் முல்லைத்தீவில் இரும்பாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்த பிறகுதான் கண்டாராம். "திருப்பிக் குடுக்க ஆறு தரம் போனன் புள்ள. மெசினைத் தந்தவன் காணி துப்பரவாக்க வந்த கூலிக்காரன். காணி ஆற்றை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல."

மற்றக் காது செவிடு. அந்தத் துண்டை நான் உள்ளங்கையில் கசக்கிப் பிடித்தேன்.

அலுமாரியின் உள்கதவில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. எல்லா ஆணியிலும் ஏதாவது தொங்கும்போது இது மட்டும் ஏன் என்று கேட்டேன்.

"அது சீப்புக்கு."

"எந்தச் சீப்பு?"

"அம்மாட சீப்பு. சிப்பிப் பிடி போட்டது. தோட்டத்தில பங்களா வேலைக்குப் போகேக்க துரைச்சாணி குடுத்ததாம். கடைசிச் சண்டையில ஓடேக்க பங்கருக்குள்ள விட்டிட்டு வந்திட்டன்." ஆணியை விரலால் ஆட்டிப் பார்த்தார். "எவளாவது எடுத்து வைச்சிருப்பா. எங்க எடுத்தது எண்டு எழுதியும் வைச்சிருந்தா, நான் கண்டுபிடிச்சிடுவன்."

வெயில், நாய், ரயர் ஒன்றுமில்லாமல் அவர் சொல்லி முடித்த விபரம் இது ஒன்றுதான்.

கடைசியாகப் பொத்தானுக்கு வந்தோம். இரும்பு நிறுக்கும்போது போடும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இது ஒல்லாந்தக் கப்டன்ட. எழுது."

"அது சரியாத் தெரியாது, அக்கா."

"நீ நல்ல விபரமாச் சொன்னனியே. கப்பல் கவுண்டது, நீந்தினது, ஆறு பிள்ளை. எழுது, எழுது."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற நாற்பத்திரண்டும் என்ன கதி என்று கேட்பார். "பொத்தான். இடம் தெரியாது" என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவர் பிள்ளையார் கோயிலுக்குப் போன நேரம் பழைய துண்டுகளை அறுத்துப் புதியதைக் கட்டினேன். பழையவற்றை எங்கள் குசினி அடுப்பில் போட்டேன். போடும்போது எண்ணினால் ஒன்று குறைந்தது. விசிறித் துண்டைக் காணவில்லை. எலி கொண்டு போயிருக்கும் என்று மனதைத் தேற்றினேன்.

விழா மண்டபத்தில் சுப்பம்மாக்காவின் மேசை கலப்பைகளுக்கும் பனையோலைப் பெட்டிகளுக்கும் நடுவில். நீலச் சீலை உடுத்து, பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருந்தார். உரிமைக்காரர் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்க அந்தக் கொப்பி. காலையிலிருந்து சனம் வந்தது. செல்பி எடுத்தார்கள். "என்ன விலை?" என்று கேட்டார்கள். "இது பிளாஸ்ரிக்கோ?" என்றார்கள். பன்புல் பை தூக்கிய ஒரு அம்மா அன்னப்பெட்டியின் துண்டை இரண்டு தரம் வாசித்து, போய், திரும்பி வந்து, நாளைக்கும் இருக்குமோ என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். இது எங்களது என்று ஒரு குஞ்சும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கும் கொப்பி வெறும் கொப்பி. கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது. "இன்னும் நேரம் கிடக்கு அக்கா" என்றேன். "ஓம்" என்றார், என்னைப் பார்க்காமல். எனக்கு அந்த ஆயிரம் பேரிலும் ஆத்திரம் வந்தது. கண்ணிருந்தும் பார்க்கத் தெரியாத சனம்!

அப்போது அப்பா வந்தார். அந்தப் பால் நிறச் சேட்டோடு. அப்பா மருந்துப் பெட்டியில் இருக்கும் எழுத்தைக்கூட முழுதாக வாசிக்கும் ஆள். ஒவ்வொரு துண்டாக வாசித்துக்கொண்டு மேசையின் கடைசிக்கு வந்தார். நின்றார். குனிந்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"சுப்பம்மா," என்றார், "இது என்ர எல்லோ?"

நான் பாய்ந்து போய்ப் பார்த்தேன். பொத்தானில் கட்டியிருந்தது என் துண்டு இல்லை. குண்டு குண்டாக, பிழையில்லாத எழுத்து:

"சேட்டுப் பொத்தான். பிளாஸ்ரிக். எடுத்த இடம்: பரமலிங்கம் அண்ணையின் சேட்டு, மேலிருந்து நாலாவது. கொண்டு வந்தவர்: சுதாஜினி, ஐஸ் பெட்டியில் வைத்து. மீன் மணந்தது. உரிமைக்காரர் வந்தால் கொடுக்கப்படும்."

"எடியே," என்றார் அப்பா மெதுவாக. "அப்ப ஆடு?"

சுப்பம்மாக்கா எழும்பி நின்றார். காலையிலிருந்து பார்க்காத முகம். பொத்தானை எடுத்து, அது உண்மையாகவே கப்டனுடையது போல, இரண்டு கையாலும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "இதில பெயரைப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ அண்ணை. ஓராள் வந்திட்டார். நாப்பத்து மூண்டில ஒண்டு போயிட்டுது!"

மாத்தளைத் தமிழ் வரப்போகிறது என்று நான் வாசல் பக்கம் பார்த்தேன். வரவில்லை.

"கண்ணாடி கிடைச்சு ரெண்டு வருசம் புள்ள," என்றார். "போட்ட அண்டைக்கே முழுக்க வாசிச்சிட்டன். மற்றத் துண்டெல்லாம் எரிச்சுப் போட்டியோ?"

தலையை ஆட்டினேன்.

"எரிப்பாய் எண்டு தெரியும்." தோள்பையைத் திறந்து, சிவப்பு நூலோடு ஒரு துண்டை வெளியே எடுத்தார். விசிறித் துண்டு. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில விபரம் காணாது. ராணிக்குப் பிறகு ஏன் வேர்க்கேல்ல?"