இருபது மூட்டை உப்பும் என் குட்டியானையும்

பாட்டில் கடத்தியவன் என் டிரைவர். ஒரே வாரத்தில் ஜாமீனில் வெளியே வந்து, ஈ.சி.ஆர். ரோட்டில் ஜம்மென்று டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பாவமும் அறியாத என் குட்டியானை மட்டும் மூன்று மாதம் உள்ளே கிடந்தது. அந்த ஒரு வண்டிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மரக்காணம் உப்பளத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு உப்பு ஏற்றி அனுப்பியிருந்தேன். ஈரம் அதிகம் என்று வியாபாரி இருபது மூட்டையைத் திருப்பிவிட்டார். வரும் வழியில் அந்த மூட்டைகளுக்கு நடுவே பிராந்தி பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறான் அந்த மகராசன். செக்போஸ்ட்டில் மாட்டினான். போலீஸ் பாட்டில்களை எடுத்துக்கொண்டு, வண்டியை உப்போடு சேர்த்து ஸ்டேஷன் பின்பக்கம் நிறுத்திவிட்டது.

உப்பு வண்டி வைத்திருக்கும் நாங்கள் லோடு இறக்கிய கையோடு நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிவிடுவோம். ஒரு நாள் சோம்பினாலும் தகடு துருப்பிடித்துப் பொரிந்துவிடும். அதனால் ஸ்டேஷன் ரைட்டரிடம் போய்க் கெஞ்சினேன்.

"வண்டி இங்கியே இருக்கட்டும் சார். மூட்டைய மட்டும் எறக்கிட்டு, நாலு பக்கெட் தண்ணி ஊத்திட்டுப் போயிடறேன்."

"மூட்டையும் சேத்துத்தாம்பா மகஜர் எழுதியிருக்குது. எல்லாமே கேஸ் சொத்து. கோர்ட்டு சொல்லாம எதுவும் நகராது."

சரி என்று கோர்ட்டில் மனு போட்டேன். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஜாமீனுக்கு இரண்டு ஆள் எல்லாம் தயார். முதல் வாய்தாவுக்குப் போலீஸ் பதில் போடவில்லை. அடுத்ததற்கு அரசு வக்கீல் வரவில்லை. அப்புறம் ஒருவழியாகப் பதில் வந்தது, வண்டியை விட்டால் மறுபடியும் கடத்துவேனாம். நானா? என் வக்கீல் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் அன்றைக்கு என் மேலும் ஒரு கேஸ் விழுந்திருக்கும்.

இதற்கு நடுவில் ஒரு சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. உப்பளத்துக்காரன் மேகத்தைப் பார்த்தால் முதலில் உப்பைத்தான் மூடுவான். அதில் யோசனைக்கே இடமில்லை. வீட்டிலிருந்த தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன்.

"மூட்டையத் தொடாம மூடிக்கோ" என்றார் ரைட்டர், தலையை நிமிர்த்தாமல். என்ன பெரிய மனசு! நாலு மூலையும் இழுத்துக் கட்டினேன். ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்ற திருப்தியோடு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க மழை கொட்டியது.

மூன்றாவது மாதம் வண்டியை விடச் சொல்லி, நிபந்தனைகளோடு உத்தரவு கிடைத்தது. வண்டியை விற்கக் கூடாது, நிறத்தை மாற்றக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கேட்கும்போது இதே நிலையில் கொண்டுவந்து காட்ட வேண்டும். உத்தரவை வாங்கிக்கொண்டு, மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தார்ப்பாயை அவிழ்த்தால் உப்பு பத்திரமாக இருந்தது. மூட்டையை நகர்த்தினோம். அடித்தகடு அப்பளமாக நொறுங்கி, ஓட்டை வழியே கீழே புல் தெரிந்தது. மெக்கானிக் சேஸிஸில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே இறங்கிவிட்டது.

"இனிமே இதுல லோடு ஏத்தாதீங்கண்ணா. நடுரோட்டுல ரெண்டா போயிடும்" என்றார்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. நேராக ரைட்டர் மேஜைக்குப் போனேன். "எறக்கிக்கறேன்னு அன்னிக்கே கால்ல விழாத கொறையா கேட்டேனே சார்! என் பொழப்புல மண்ண போட்டுட்டீங்களே!"

அவர் எழுந்துகூட நிற்கவில்லை. "நாங்க கைய வெச்சமா? விட்டிருந்தா மழையில அந்த உப்பு எப்பவோ கரைஞ்சி ஓடியிருக்கும். தார்ப்பாயப் போட்டு மூடுனது யாரு?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் ஒரு தாளை நீட்டினார். "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி வெளியே வராது.

போட்டேன்.