ஐந்தாம் மாடியில் புகார் இல்லை

என் அப்பா கலியன் இரண்டு வருடம் மூன்று மாதம் ஒரு லிஃப்டுக்காக எழுதினார். போன நவம்பரில் இறந்தார். லிஃப்ட் காரணமில்லை. மருத்துவரிடம் மூன்று முறை கேட்டுச் சரிபார்த்தேன்.

ஊர் பண்ருட்டிப் பக்கம். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். இருபத்தாறு வருடம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். ஓய்வுக்குப் பிறகு அதைக் காலி செய்துவிட்டு, அவரும் அம்மாவும் துவாரகாவில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்புக்கு வாடகைக்குப் போனார்கள்.

குடியிருப்பின் பெயரில் அருவி என்று பொருள்படும் இந்திச் சொல் உண்டு. தண்ணீர் காலை ஆறரை முதல் ஏழேகால் வரை வரும். விளம்பரப் படத்தில் நீச்சல் குளம் இருந்த இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். பால்கனியிலிருந்து பூங்கா தெரியும் என்று தரகர் சொன்னார். தெரிந்தது. பக்கத்துக் குடியிருப்பின் பூங்கா.

அப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. குவார்ட்டர்ஸில் மழைக்கு மூன்று வாளி வைத்துப் பழகியவர். "லிஃப்ட் இருக்குது பாப்பா. ஒங்கம்மாவுக்கு அது போதும்" என்றார். அம்மாவின் பெயர் பவுனு. இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்திருந்தது. வாக்கர் பிடித்துச் சமதளத்தில் நடப்பாள். படி முடியாது.

வீடு ஐந்தாம் மாடி. குடிபோன பத்தொன்பதாம் நாள் அந்த மாடியின் லிஃப்ட் கதவுப் பூட்டு கெட்டது. பழுதுபார்க்க வந்தவர் பூட்டை மாற்றவில்லை. லிஃப்ட் ஐந்தில் நிற்காதபடி செய்துவிட்டுப் போனார். நான்கில் நின்றது, ஆறில் நின்றது. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே படிக்கட்டில் நான்காம் மாடி உரிமையாளர்கள் திருட்டுப் பயத்தில் இரும்புக் கிராதி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஆகவே ஐந்தாம் மாடிக்காரர்கள் கீழே போக வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும். பதினெட்டுப் படி. அப்பா ஏறினார். அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

புகார் கொடுக்க அப்பா கீழே அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் சாஹ்னி, மென்மையாகப் பேசும் மனிதர். அவர் விதியைக் காட்டினார். புகார்ப் புத்தகத்தில் வீட்டு உரிமையாளர்தான் எழுதலாம். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாடியில் நான்கு வீடுகள். ஒரு உரிமையாளர் கனடாவில், ஒருவர் துபாயில், ஒருவர் புனேயில். நான்காவது வீடு வழக்கில் இருந்தது. எங்கள் உரிமையாளர் கனடாக்காரர். அப்பா அவருக்கு இரண்டு பக்கம் எழுதினார். பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது.

வருடக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் மாடிவாரியாகப் புகார் எண்ணிக்கை ஒட்டினார்கள். ஐந்தாம் மாடிக்குச் சுழியம். முன்மாதிரி மாடி என்று சாஹ்னி ஒரு பாராட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஐந்தாம் மாடி லிஃப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். மாட்ட வந்தவர்கள் ஆறிலிருந்து இறங்கி வந்தார்கள்.

அப்பா நொந்துபோகவில்லை. பதிவேட்டில் ஏறாத விஷயம் நடக்காத விஷயம் என்பது அவர் அலுவலகப் படிப்பு. வாடகைக்காரர் எழுதத் தடையில்லாத பதிவேடு அங்கே ஒன்றுதான் இருந்தது. வாசலில், வருகையாளர் பதிவேடு. பெயர், யாரைப் பார்க்க, வந்த காரணம், நேரம். காலை பத்து மணிக்கு அப்பா வாசலைத் தாண்டி வெளியே போவார். ஒரு நிமிடம் நிற்பார். திரும்பி வந்து எழுதுவார். பெயர்: கலியன். பார்க்க வந்தவர்: கலியன், ஐந்தாம் மாடி. காரணம்: லிஃப்ட் ஐந்தில் நிற்பதில்லை, பன்னிரண்டாம் நினைவூட்டல்.

காவலாளி சுரேந்தர் பீகார்க்காரர், விதிக்குக் கட்டுப்பட்டவர். வருகையாளர் என்றால் வீட்டுக்கு இன்டர்காமில் கேட்டாக வேண்டும். கேட்பார்.

"மாஜி, கலியன்னு ஒருத்தர் வந்திருக்கார். அனுப்பட்டுமா?"

"எதுக்கு வந்தாராம்?"

"லிஃப்டுக்காம்."

"வாணாம். அப்படியே திருப்பி அனுப்பிடு. காலையிலேர்ந்து ஒரே நச்சு."

அம்மாவின் இந்தி அந்த அளவுக்கு நன்றாகவே இருந்தது. சுரேந்தர் ஒவ்வொரு நாளும் அப்பாவிடம் வருத்தத்தோடு சொல்வார். "பாபுஜி, மேடம் வேண்டாங்கறாங்க." அப்பா காத்திருப்பார். இரண்டாம் முறை கேட்டால் அம்மா விட்டுவிடுவாள். ஒருமுறை விடவில்லை. அப்பா நாற்பது நிமிடம் வெளியே வெயிலில் நின்றார்.

நான் குருகிராமில் பொறியாளர். தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் நிறுவனம். அந்தப் பூட்டு என் உள்ளங்கை அளவு.

"நானே வாங்கிட்டு வந்து மாட்டிடறேம்ப்பா. பத்து நிமிஷ வேலை."

"ஆர்டர் இருக்குதா?"

"இல்ல."

"அப்பத் தொடாத."

"வேற வீடாவது பாக்கலாம். கிரவுண்ட் ஃப்ளோர்."

"பாப்பா, காயிதம் நகந்துகினு இருக்குது. இப்பக் காலி பண்ணா ஃபைல மூடிடுவாங்க."

எந்தக் காகிதமும் எங்கும் நகரவில்லை. வருகையாளர் பதிவேட்டை யாரும் படிப்பதில்லை. நிரம்பினால் அடுத்தது. எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

நவம்பரில் ஒரு காலை மார்பு வலித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். கீழே கொண்டுபோக வேண்டியவரை நாற்காலியில் வைத்து மேலே தூக்கினார்கள். நான் பின்னால் ஏறினேன். அப்பாவுக்கு நினைவு இருந்தது. முன்னால் தூக்கியவரிடம், "பதினெட்டு படி, பாத்து" என்று இந்தியில் சொன்னார். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாள். மருத்துவமனைக்கு அவளால் வர முடியவில்லை. மாலையில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் அப்பாவின் உடலோடு வண்டி குடியிருப்புக்குள் வந்து முற்றத்தில் நின்றது. படுக்க வைத்த ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது, மேலே கொண்டுவர வழியில்லை. அம்மா பால்கனியிலிருந்து பார்த்தாள். கிட்டத்தட்டப் பதினைந்து மீட்டர் உயரம். முகம் தெரிந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

நான் தங்கியிருந்த அறை மூன்றாம் மாடி, அங்கே லிஃப்டே கிடையாது. அதனால் நான் அம்மாவோடு வந்து தங்கினேன். வேலையை வீட்டிலிருந்து பார்த்தேன்.

பதினேழாம் நாள் சாஹ்னி வந்தார். ஆறிலிருந்து இறங்கியதில் மூச்சு வாங்கவில்லை, இறங்குவது சுலபம். ஒரு டப்பா பழம், ஒரு படிவம்.

"ரொம்ப நல்ல மனுஷர். ஒரு புகார் கிடையாது" என்றார்.

அவர் படிவத்தை எடுத்தார். வீட்டு ஒப்பந்தம் அப்பா பெயரில் இருந்தது. கனடாக்காரர் அதை அம்மா பெயருக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். இனி அம்மா புது வாடகைதாரர். புது வாடகைதாரரை அலுவலகம் நேரில் சரிபார்க்க வேண்டும். இருபத்து மூன்று கேள்விகள், கையெழுத்து, கைரேகை, அலுவலகக் கேமராவில் புகைப்படம். முடிக்காவிட்டால் வீட்டு வேலைக்கு வருபவரையும் பிசியோதெரபி செய்பவரையும் வாசலில் விட முடியாது.

"இங்கேயே எழுதிடலாமே. அவங்க வீட்டுலதான இருக்காங்க" என்றேன்.

"கேமரா மேஜையோட பூட்டியிருக்கும்மா. திருடு போகுது."

"அவங்களால படி ஏற முடியாது."

"லிஃப்ட் இருக்கே."

"ஐந்துல நிக்கறதில்லையே."

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஐந்தாம் மாடியிலிருந்து அப்படி ஒரு புகார் வரலையே" என்றார்.

"இது புகார் இல்ல அங்கிள். உங்களுக்குத்தான் அவங்க கீழ வரணும். இது உங்க தேவை."

அவர் முகம் தெளிந்தது. சங்கத்தின் தேவை என்றால் புகார்ப் புத்தகம் வேண்டியதில்லை. செயற்குழுக் கூட்டமும் ஒரு தீர்மானமும் போதும். ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். திங்களன்று தீர்மானத்தின் நகல் வந்தது: ஐந்தாம் மாடி வாடகைதாரரின் நேரடிச் சரிபார்ப்பு முடியும் வரை லிஃப்ட் அந்த மாடியில் நிற்கும்படி செய்யப்படும்.

செவ்வாயன்று லிஃப்ட்காரர் வந்தார். பூட்டை மாற்றினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு நிமிடம். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அது எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

அன்று மாலை தீர்மானத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"முடியற வரைக்குமா?" என்றாள்.

"ஆமா."

"முடிஞ்சதும்?"

"பழையபடி ஆக்கிடுவாங்க போல."

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு வருடத்தில் முதல் முறையாக அம்மா கீழே வந்தாள். லிஃப்டுக்குள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாள். பெயர். தமிழில் எழுதினாள். சாஹ்னி இந்தியிலோ ஆங்கிலத்திலோ வேண்டுமென்றார். "கண்ணாடி மேல இருக்குது பேட்டா. நாளைக்கு" என்றாள். கண்ணாடி அவள் மடியில் இருந்தது.

அடுத்த நாள் கண்ணாடி இருந்தது, மயக்கமும் இருந்தது. அதற்கடுத்த நாள் பிறந்த தேதி நினைவில்லை. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை என்று மட்டும் உறுதியாகச் சொன்னாள். புகைப்படத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டாள். கைரேகைக் கருவியில் அவள் ரேகை பதியவில்லை. அது நடிப்பில்லை, நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்.

ஐந்தாம் மாடியில் எதிர் வீட்டில் ப்ரீதா என்று ஒரு பெண், தொலைக்காட்சியில் வேலை. கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாகப் பதினெட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தவள். அவள் லிஃப்டில் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இப்ப எந்தக் கேள்வி?"

"ஆறு."

"ஜல்தி எல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. ப்ளீஸ். மெதுவா, ஆராம்ஸே."

சாஹ்னிக்குப் புரியாமல் இல்லை. தீர்மானத்தை ரத்து செய்ய இன்னொரு கூட்டம் வேண்டும். டிசம்பரில் பாதி உறுப்பினர்கள் தங்கள் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குப் போயிருந்தார்கள். கூட்டத்துக்கு ஆள் தேறவில்லை. சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்ததால் வேலைக்கு வருபவரையும் தடுக்க முடியவில்லை. ஒருநாள் என்னைத் தனியாகக் கேட்டார். "அம்மா எப்ப முடிப்பாங்க?"

"தெரியல அங்கிள். பென்ஷன் குடும்பம். எல்லாம் முறைப்படிதான்."

அம்மா எழுதிவிட்டு வாசல் வரை போவாள். சுரேந்தர் தன் நாற்காலியைக் கொடுப்பார். வெயிலில் உட்கார்ந்து முள்ளங்கி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவாள். வாங்க மாட்டாள்.

ஜனவரியில் ஒன்பதாம் கேள்வி வந்தது. கணவர் பெயர். அம்மா எழுதினாள். அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. உயிருடன், காலமானவர். ஒன்றில் குறியிட வேண்டும்.

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாஹ்னி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"நாளைக்கு" என்றாள் அம்மா.

காரணம் எதுவும் சொல்லவில்லை. சாஹ்னியும் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று வாரமாக அந்தக் கட்டத்திலேயே நிற்கிறோம். தினமும் பதினோரு மணிக்கு இறங்குகிறோம். சாஹ்னி படிவத்தை எடுத்து வைக்கிறார். அம்மா பேனாவை எடுக்கிறாள், வைக்கிறாள். வெயிலில் கொஞ்ச நேரம் உட்காருகிறோம். பிறகு லிஃப்டில் ஏறி ஐந்தை அழுத்துகிறேன். நிற்கிறது.